ஒன்பதாம் வண்டியில் ஒரு காலி இருக்கை

செப்டம்பர் 8, செவ்வாய். மாலைச் சுற்றில் பதினொரு வண்டிகளுக்கும் பேட்டரி அளவு எடுத்தாயிற்று. பத்து வண்டிகள் முறைப்படி. நாலாம் வண்டியை மட்டும் ஐந்தரைக்கு மின்சாரத்திலிருந்து பிரித்து, ஐந்து நாற்பதுக்கே அளந்துவிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருக்கவில்லை. ஆறு மணிக்கு வகுப்பில் தேர்வு. எழுதிய அளவு 12.9. சிறிய தவறுதான். இனி இப்படிச் செய்யக் கூடாது.

பணி நிறைவு பெறும் எங்கள் மின் பிரிவின் தலைவி, அன்பிற்கினிய வோல்ட் அக்கா அவர்களே!

பாராட்டு மடல் ஒரு நாட்குறிப்பில் தொடங்குவதைக் கேட்டு நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. பொறுத்தருள வேண்டும். இதை எழுதும் பொறுப்பு, எதையும் எழுதி வைக்கும் பழக்கத்தால் 'டைரி' என்று நாம் கூப்பிடும் இளைய மின்பணியாளரிடம் கொடுக்கப்பட்டது. முதல் வரியாக இதைத்தான் வைப்பேன், இல்லையென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லோர் பெயராலும் வாசிக்கப்படும் மடலில் 'நான்' வரக் கூடாது என்பதால், தன்னையும் 'அவள்' என்றே எழுதியிருக்கிறாள்.

மின்சாரம் வரும் வழியையும் அது மறைந்துபோகும் வழியையும் அறிந்த மதிநுட்பமே! கம்பி கறுத்தால் கண்ணால் அறிந்து, பெல்ட் தளர்ந்தால் காதால் அறிந்து, பேட்டரி சோர்ந்தால் பெயர் வைத்துத் திட்டும் பெருந்தகையே! முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல், முதுகு வலித்தாலும் முணுமுணுக்காமல்... இந்த இடத்தில் பெல்ட் பிரிவுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். அக்கா முணுமுணுத்தது உண்மை, அதுவும் தெருக்கோடிக்குக் கேட்கும்படி என்றார்கள். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டோம். மற்றவை அப்படியே நிற்கின்றன.

முன் வரிசையில் உங்கள் மகளும் மருமகனும் அமர்ந்திருக்கிறார்கள். அம்மா இத்தனை வருஷம் என்னதான் செய்தாள் என்று அவர்களும் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் வண்டிகள் மருந்துகளைச் சுமக்கின்றன. சரக்குப் பெட்டியின் நெற்றியில் ஒரு குளிர் யூனிட். அதற்குத் தனியாக ஒரு சின்ன டீசல் என்ஜின். பெட்டி போதுமான அளவு குளிர்ந்ததும் அது தானே அணையும். வெப்பம் ஏறினால் தானே கிளம்பும். கிளம்புவதற்கு பேட்டரியில் உயிர் வேண்டும். அந்த உயிரை, என்ஜின் சுழலும்போது பெல்ட்டின் வழியே சுழன்று நிரப்பிக்கொண்டே இருப்பது ஆல்டர்னேட்டர். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி விட்டுப்போனாலும், நடுவழியில் ஒரு பெட்டி மருந்தும் வீண். பதினொரு வண்டிகளிலும் இந்தச் சங்கிலியைக் காத்தவர் நீங்கள்.

"அக்கா, ஆல்டர்னேட்டர் போயிருச்சு" என்று யார் வந்து நின்றாலும், "போறதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு? முதல்ல பேட்டரி டெர்மினலைத் துடை" என்று உப்புத்தாளைக் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். பாதிப் பேர் திரும்பி வருவதே இல்லை, துடைத்ததும் சரியாகிவிடும். மீதிப் பேருக்கு எர்த் வயரில் கோளாறு. அதற்கும் பிறகுதான் ஆல்டர்னேட்டர் மேல் பழி. உங்கள் காலத்தில் தேவையில்லாமல் கழற்றி எறியப்பட்ட ஆல்டர்னேட்டர் ஒன்றுகூட இல்லை என்று ஸ்டோர் அறைக்காரர் சத்தியம் செய்கிறார்.

உங்கள் விதிகளில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி, அந்த ஒரு மணி நேரம். நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டிகள் சுவர் மின்சாரத்தில் செருகப்பட்டிருக்கும். பேட்டரியும் அதில் நிரம்பும். ப்ளக்கைப் பிடுங்கியதும் அளந்தால், செத்துக்கொண்டிருக்கும் பேட்டரிகூட நல்ல எண்ணைக் காட்டும். ஒரு மணி நேரம் சும்மா விட்டால்தான் அதன் உண்மையான நிலை தெரியும். "ஓடி வந்தவன் கையைப் பிடிச்சு நாடி பார்க்காதே, உக்காரவிட்டுப் பாரு" என்பீர்கள்.

திறமையைச் சொன்னோம். இனி, நீங்கள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத ஓர் ஆசையையும் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வண்டியை ஓட்டுகிறவர் உங்கள் கணவர். எங்களுக்கெல்லாம் மாமா. புதன் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால் சனிக்கிழமை மாலைதான் வருவார். இருபத்தொன்பது வருட மணவாழ்க்கையில் ஏறக்குறைய பாதி அவர் சாலையில், நீங்கள் இங்கே. புதன்தோறும் நண்பகலில் உங்கள் வேலை மேசையில் கைப்பேசி ஒலிக்கும்; மாமாதான். கையில் கிரீஸ் இருக்கும் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வீர்கள்.

"மேடு ஏறிட்டேன். இடது பக்கம் ஏரி முழுக்கத் தண்ணி."

"எவ்வளவு தண்ணி?"

"போன வாரத்தைவிட ஒரு படி கம்மி. நடுவுல அந்தப் பாறை தெரியுது."

"கொக்கு?"

"நாலு. இல்ல, அஞ்சு. ஒண்ணு பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, உன்னை மாதிரி."

"வண்டியை ஒழுங்கா ஓட்டுங்க."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தச் சாலையில் எந்த வளைவுக்குப் பிறகு எந்த மரம் என்பது எங்களுக்கே காதால் மனப்பாடமாகிவிட்டது என்றால், உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தச் சாலையை நீங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை. சரக்கு ஏற்றிய வண்டியில் ஓட்டுநர் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது; வேலை உத்தரவோடு போகும் பணியாளருக்கு மட்டும் விலக்கு. ஒரு பொய்யான வேலை உத்தரவு எழுதிக்கொள்ள உங்களுக்கு அரை நிமிடம் போதும். முப்பத்தொரு ஆண்டுகளில் அந்த அரை நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையான உத்தரவு வந்தபோது ஒரு முறை மகளுக்குக் காய்ச்சல். இன்னொரு முறை இரண்டாம் வண்டியில் வயர் கருகியது. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒன்பதாம் வண்டிக்குப் புது ஆல்டர்னேட்டர் பொருத்தினோம். புதிது பொருத்தினால் சாலையில் நாலு மணி நேரம் ஓட்டி மின்னேற்றத்தை அளந்தாக வேண்டும். உண்மையான வேலை, உண்மையான உத்தரவு. தேதி, செப்டம்பர் 9, புதன். மாதக் கடைசியில் பணி முடிந்துவிட்டால் அந்த வண்டியில் ஏற உங்களுக்கு உரிமை இல்லை. மாமாவுக்கோ இன்னும் இரண்டு வருஷம் வேலை பாக்கி. ஆகவே இதுதான் கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மின் பிரிவு, பெல்ட் பிரிவு, கழுவும் பிரிவு எல்லாம் வேலை இருப்பது போலப் பாவனை செய்துகொண்டு முற்றத்தில் கூடி நின்றோம்.

பக்கத்து இருக்கையில் எத்தனையோ வருஷமாகக் குடியிருந்த தண்ணீர்க் கேன், கயிறு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் மாமா அகற்றித் துடைத்து வைத்திருந்தார்.

"ஏறும்மா. சீட்டு உனக்காகக் குளிச்சிட்டு உக்காந்திருக்கு."

"நீங்க குளிச்சீங்களா, அதைச் சொல்லுங்க" என்றபடி ஏறி அமர்ந்தீர்கள். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்தீர்கள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சிரித்துவிடுவோம் என்று பயம்.

அப்போதுதான் அலுவலகத் தொலைபேசி அடித்தது. காலை ஐந்தரைக்குக் கிளம்பிய நாலாம் வண்டி வழியில் நின்றுவிட்டது. வண்டியின் என்ஜினுக்கு ஒன்றும் இல்லை, குளிர் யூனிட்தான் கிளம்பவில்லை.

நீங்கள் இறங்கினீர்கள். யாரும் இறங்கச் சொல்லவில்லை. "நீங்க கிளம்புங்க, சரக்கு காத்திருக்கக் கூடாது. அடுத்த புதன் பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

"அடுத்த புதன், அடுத்த புதன்னே நமக்குத் தலை நரைச்சுப்போச்சு" என்றார் மாமா. பிறகு கியரைப் போட்டார்.

பழுது வேனில் உங்கள் பக்கத்தில் டைரி உட்கார்ந்திருந்தாள். வேன் நகரத்தைத் தாண்டியதும் கேட்டீர்கள்.

"நேத்து நாலாம் வண்டியை எத்தனை மணிக்குப் பிரிச்ச?"

"நாலரைக்குக்கா."

"அளந்தது?"

"அஞ்சரை. பன்னிரண்டு புள்ளி ஒன்பது."

மற்றப் பத்து வண்டிகளையும் அவள் நாலரைக்குத்தான் பிரித்திருந்தாள். நாலாம் வண்டியின் பெட்டியைக் கழுவி முடிக்கத் தாமதமானதால் அது மட்டும் ஒரு மணி நேரம் பிந்தியது. பத்து வண்டிகளின் உண்மை நாக்கில் தயாராக இருந்ததால் பதினொன்றாவது பொய் தடுக்காமல் வந்தது. சொன்ன மறுகணமே திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தாள். நீங்கள் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள். வாயை மூடிக்கொண்டாள்.

அங்கே போனால், நாலாம் வண்டி ஓட்டுநர் சாலையோரத்தில் குதித்துக்கொண்டிருந்தார். "அக்கா, ஏழு டிகிரி காட்டுது! எட்டைத் தாண்டினா மொத்தமும் குப்பைக்குத்தான்!"

"கதவைத் திறந்து திறந்து பார்க்காதே. உன் வீட்டு பிரிட்ஜா அது?"

வேனின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து என்ஜினைக் கிளப்பினீர்கள். பெட்டி மறுபடி நாலு டிகிரிக்கு இறங்கும்வரை வேறு எதையும் தொடவில்லை. என்ஜின் சுழலும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர், பன்னிரண்டுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆல்டர்னேட்டர் மெய்யாகவே செத்திருந்தது. நாற்பதே நிமிடத்தில், சாலையோரத்தில், வெயிலில், மாற்றினீர்கள். மருந்து பிழைத்தது. அந்த நேரத்தில் உங்கள் கைப்பேசி ஒலித்தது. நண்பகல். கை நிறைய போல்ட் இருந்ததால் எடுக்க முடியவில்லை. அது ஒலித்து ஓயும்வரை டைரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆல்டர்னேட்டர் செத்தது சரி. ஆனால் முந்தின மாலை 12.9 காட்டிய பேட்டரி, மூன்று மணி நேரத்தில் எப்படித் தீர்ந்துபோகும்? நல்ல பேட்டரி அரை நாளாவது தாக்குப்பிடிக்கும். அப்படியானால் எங்கோ மின்சாரம் கசிகிறது. போன மாதம்தான் பதினொரு வண்டிகளிலும் புதிதாக இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தியிருந்தார்கள். கசிவு அதிலா? அப்படியென்றால் எல்லா வண்டிகளிலுமா? காரணம் தெரியும்வரை சோதனை ஓட்டங்கள் அனைத்தையும் மேலாளர் நிறுத்தி வைத்தார்.

அறிக்கையில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினீர்கள். "நீங்க இப்படி எழுதி நான் பார்த்ததே இல்லையே அக்கா" என்றார் மேலாளர். "அளவுல தப்பு நடந்திருக்குமோ?"

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் எழுதணும். அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் காத்திருந்து அளந்தேன்னு சொல்லியிருக்கா. அப்போ காத்திருந்திருக்கா."

கதவுக்கு வெளியே கோப்புகளோடு நின்ற டைரிக்கு இது ஒரு சொல் விடாமல் கேட்டது.

அக்கா, உங்கள் பணிக்காலத்தின் கடைசி மூன்று வாரங்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, ஏணி போட்டு, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வயராகப் பிரித்து, இல்லாத ஒரு கசிவைத் தேடினீர்கள். பதினாறாம் தேதிப் புதன் போயிற்று. இருபத்துமூன்றாம் தேதிப் புதனும் போயிற்று. ஒன்பதாம் வண்டி வாசலைத் தாண்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏணியில் உங்கள் கை நின்று, பிறகு தொடரும். கீழே நின்று ஸ்க்ரூக்களை வாங்கி டப்பாவில் போட்டது டைரி. நாட்குறிப்பில் 'இன்று சொல்ல வேண்டும்' என்று எழுதினாள். பன்னிரண்டு நாள் எழுதியிருக்கிறாள். சொல்லாமல் எழுதுவதால் என்ன பயன் என்றும் எழுதியிருக்கிறாள்.

போன சனிக்கிழமை மாலை மாமா வந்து சாவியை ஒப்படைத்தபோது, ஒன்பதாம் வண்டியைச் சுவர் மின்சாரத்தில் செருக அவள் போனாள். பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. கேனும் கயிறும் மழைக்கோட்டும் மாமாவின் காலடியில் நெருக்கியடித்துக் கிடந்தன.

"ஏன் மாமா, காலை நீட்டக்கூட இடமில்லையே! சாமானைச் சீட்டுல வைக்கலாமே?"

"வைக்கலாம். மூணு வாரமா வைக்கலை. கை போகுது, வைக்க மனசு வரலை" என்று சிரித்தார். "உங்க அக்கா மூணு வாரமா ஏணி மேலேயே குடித்தனம். கேட்டா, கசிவைப் பிடிச்சிட்டு ஏறுறேங்கிறா. பிடிச்சிருவாளாம்மா?"

ப்ளக்கைச் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

நேற்று, திங்கள் காலை. பத்து வண்டிகள் முடிந்திருந்தன. பதினொன்றாவதாக ஒன்பதாம் வண்டிக்கு ஏணி போட்டிருந்தீர்கள்.

"அக்கா, கீழே இறங்குங்க."

"என்னடி, கசிவு உன் கையில சிக்கிருச்சா?"

"கசிவே இல்லக்கா. அன்னிக்கு நான் காத்திருக்கலை. அஞ்சரைக்குப் பிடுங்கி, பத்து நிமிஷத்துல அளந்துட்டேன். பேட்டரி அப்பவே சோர்ந்துதான் இருந்திருக்கும். வேன்ல உங்ககிட்ட பொய் சொன்னேன்."

நீங்கள் இறங்கினீர்கள். மீட்டரின் இரண்டு வயர்களையும் விரலில் மெதுவாகச் சுற்றினீர்கள்.

"மூணு புதன்கிழமைடி" என்றீர்கள். கை கழுவப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு இந்த நிமிடம் வரை அவளிடம் நீங்கள் பேசியது, "மீட்டரை உள்ளே வை" என்பது மட்டும். அதில் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் இல்லை. மன்னிப்பை மேடையில் வைத்துக் கேட்டால் மறுக்க முடியாத நெருக்கடி உங்களுக்கு வரும் என்பதால், இந்த மடலில் அதை அவள் கேட்கவில்லை. சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாளில் உங்கள் மேல் ஒரு சந்தேகக் கறைகூட இருக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதினாள். நாலாம் வண்டி நின்றது உங்கள் கவனக்குறைவால் என்று வெளியே யாராவது பேசினால், இந்தத் தாளைக் காட்டுங்கள்.

நேற்றே நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவள் தனியாக மேலாளர் அறைக்குப் போனாள். அவர் இரண்டு முறை படித்தார். "இதை அன்னிக்கே காட்டியிருந்தா?"

"காட்டியிருக்கணும் சார்."

எச்சரிக்கைக் கடிதம் உண்டு. மூன்று மாதத்துக்கு மாலைச் சுற்று கிடையாது. விசாரணை நேற்று நாலு மணிக்கு முடித்துவைக்கப்பட்டது. அப்போது அவள் இன்னொரு தாளையும் நீட்டினாள். "அக்காவுக்குப் புதன்தான் கடைசி நாள். அன்னிக்குப் போய் யாராவது வேலை கொடுப்பாங்களா?" என்றார் மேலாளர். "கொடுக்கலைன்னாதான் சார் அக்காவுக்குக் கோவம் வரும்" என்றாள். அவர் கையெழுத்திட்ட அந்தத் தாளை மடலின் முடிவில் வாசிக்கிறோம்.

வோல்ட் அக்கா அவர்களே! உங்கள் மேசைக்கு வேறொருவர் வருவார். மீட்டர் அதே எண்களைத்தான் காட்டும். பெல்ட் தளர்ந்தால் அதே கீச்சுச் சத்தம்தான் போடும். ஆனால் இனிப் புதன் நண்பகலில் அந்த மேசையில் கைப்பேசி ஒலிக்காது. தண்ணீர் ஏறிற்றா இறங்கிற்றா, பாறை தெரிகிறதா, கொக்கு எத்தனை என்று எங்களுக்கு யார் சொல்வார்? பணிமனையிலேயே கிடக்கும் நாங்கள் ஒருவரும் பார்த்திராத அந்த ஏரியை வாரம் தவறாமல் எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள் இருவரும். பன்னிரண்டு மணி ஆனதும் எங்கள் தலைகள் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பும். திரும்பட்டும். அதுவும் உங்கள் நினைவாகவே இருக்கட்டும்.

வலி இல்லாத முதுகோடும், தெளிவான காதோடும், அவசரமில்லாத காலைகளோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். மாமாவின் இரண்டு வருஷமும் விரைவாகக் கழிந்து, இருவரும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் சலித்துக்கொள்ளும் நாள்கள் வர வேண்டும். வழியில் எங்கே எங்கள் வண்டியைக் கண்டாலும் கையைக் காட்டி நிறுத்துங்கள். டெர்மினல் துடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புங்கள்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
மின் பிரிவு, பெல்ட் பிரிவு, கழுவும் பிரிவு, ஸ்டோர் அறை, அலுவலகம், பதினொரு வண்டிகளின் ஓட்டுநர்கள்.
செப்டம்பர் 29, செவ்வாய்.

மேலாளர் கையெழுத்திட்ட வேலை உத்தரவு:

செப்டம்பர் 30, புதன். ஒன்பதாம் வண்டி. சோதனை ஓட்டம். ஓட்டுநரோடு செல்பவர்: மின் பிரிவுத் தலைவி. புறப்பாடு காலை 9.00. அரை மணிக்கு ஒரு முறை மின்னேற்ற அளவு எடுத்துக் குறிக்க வேண்டும். பகல் 1.00 மணிக்கு எரிபொருள் நிலையத்தில் இறங்கி, எதிரே வரும் ஆறாம் வண்டியில் திரும்ப வேண்டும். ஒன்பதாம் வண்டி தொடர்ந்து செல்லும்.